பெரியம்மா அணைத்த அடுப்பு

அந்த அடுப்பின் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, பக்கத்து அறையில் டிவி ஓடினால் கேட்காது. ஆனால் மாடம்பாக்கத்தில் ஏரிப் பக்கம் போகிற தெருவில், பெரியம்மாவின் இரண்டாம் மாடி வீட்டில், பகலில் டிவி போடும் வழக்கம் இல்லை. விமானப்படைத் தளத்துக்கு மேலே சுற்றும் பயிற்சி விமானம் இரைந்துவிட்டுப் போனதும் வீடு கம்மென்று ஆகிவிடும். அந்த அமைதியில் சமையலறையிலிருந்து 'டக்' கேட்டால் சமையல் முடியப்போகிறது, தட்டு எடுக்கலாம் என்று பொருள். காட்டாங்குளத்தூரில் கல்லூரி விட்டு ரயிலேறி, தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கி அங்கே போய்ச் சேரும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டதும் எச்சில் ஊறும். இப்போதும் எங்கேயாவது ஒரு சுவிட்ச் அப்படி விழுந்தால் முதலில் பசிக்கிறது. அடுத்த நொடி கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. தொலைபேசித் துறையில் ஆபரேட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். பேச்சில் அந்த வேலையின் மிச்சம் இருந்தது. நாம் எதைச் சொன்னாலும் அதை ஒரு முறை திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வார். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வரேன்னு சொல்றே. சரி." அவ்வளவுதான், பிறகு மாற்ற முடியாது. பெரியப்பா காலமான பிறகு தனியாகவே இருந்தார். ஒரே மகன், எனக்கு அண்ணன் முறை, வெளிநாட்டில் வேலை. தனியாக இருக்க பயமாக இல்லையா என்று யாராவது கேட்டால், "சர்வீஸ் பூரா காதுல அடுத்தவங்க பேச்சு. இப்பத்தான் லைன் க்ளியர் ஆயிருக்கு. கெடுத்துடாதீங்க" என்பார்.

அந்தக் கரண்ட் அடுப்பு வந்ததற்குக் காரணம் அண்ணனின் பயம். எங்கேயோ எரிவாயு சிலிண்டர் வெடித்த செய்தியை அவன் தன் போனில் பார்த்திருக்கிறான். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது மேலே நான்கு கம்பிச் சுருளும் கீழே ஒரு ஓவனுமாக ஆளுயரத்தில் பாதிக்கு நிற்கும் பெரிய மின்சார அடுப்பை வாங்கி இறக்கிவிட்டான். மீட்டர் பலகையிலிருந்து அதற்கென்று கனமான தனி ஒயர் இழுத்து, கரண்டைத் துண்டிக்கத் தனி டிரிப்பரும் போட்டாயிற்று. "அங்க எல்லார் வீட்லயும் இதுதாம்மா. நெருப்பே கிடையாது. நீ மறந்தாலும் பயம் இல்ல" என்றான். பெரியம்மா பாலித்தீன் உறையைப் பிரித்துக்கொண்டே கேட்டார்: "நான் எப்படா மறந்தேன்?" அண்ணன் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். அப்போது அது சிரிக்கக்கூடிய கேள்வியாகத்தான் இருந்தது.

நான் அப்போது மின்னியல் மூன்றாம் ஆண்டு. எதைப் பார்த்தாலும் பின்மூடியைக் கழற்றிப் பார்க்காமல் தூக்கம் வராத வயது. அது இன்னும் மாறவில்லை என்பது வேறு விஷயம். அடுப்பைப் பொருத்த வந்தவர் படி இறங்குவதற்குள் நான் ஸ்க்ரூடிரைவருடன் சுவருக்கும் அடுப்புக்கும் நடுவில் நுழைந்துவிட்டேன். அன்றிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு எனக்கும் அந்த அடுப்புக்கும் என்று ஆனது. டிரிப்பரை இறக்கிவிட்டு, ஒவ்வொரு சுருளாக உருவி, அதன் கால்கள் செருகும் இடத்தில் கருப்பு படிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். சுருளுக்குக் கீழே இருக்கும் கிண்ணத்தில் வழிந்து காய்ந்த சாம்பாரைச் சுரண்டுவேன். எளிதாக இருக்கட்டும் என்று பெரியம்மா அந்தக் கிண்ணத்தில் அலுமினியத் தாள் விரித்து வைத்திருந்தார், அதை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். சூடு கீழே திரும்பி ஒயரைத் தின்றுவிடும் என்று பாடம் எடுத்தேன். எர்த் சரியாக இருக்கிறதா, ஓவன் கதவின் ரப்பர் விறைத்துப் போயிருக்கிறதா, பின்பக்கம் பல்லி குடியேறியிருக்கிறதா என்று எல்லாம் பார்த்து முடிக்கும்வரை பெரியம்மா வாசலில் சாய்ந்து நிற்பார். "டாக்டர் வந்தாச்சு, பேஷன்ட் தலைமேல இருக்கிற குக்கரை எடுத்துடறேன்" என்று கிண்டல் செய்வார். "இவளைப் பொண்ணு பார்க்க வர்றவன் வீட்ல ஃப்ரிட்ஜ் பாழா இருக்கணும், அப்பத்தான் சம்மதிப்பா" என்று என் அம்மாவிடம் சொல்வார்.

அவர் அந்த அடுப்பைப் பழக்கியதுதான் எனக்கு ஆச்சரியம். அடி வளைந்த பாத்திரங்களையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டுத் தட்டையான அடி உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டார். கரண்ட் அடுப்பு கேஸ் மாதிரி இல்லை. அணைத்த பிறகும் சுருள் வெகுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும். "உங்க பெரியப்பா கோபம் மாதிரி. சண்டை முடிஞ்சாலும் சூடு இறங்காது" என்பார். அந்த மிச்சச் சூட்டை அவர் வீணாக்கவில்லை. சோறு முக்கால் பதம் வந்ததும் அணைத்துவிட்டு, பாத்திரத்தை அப்படியே சுருள்மேல் விட்டுவிடுவார். மீதிப் பதத்தை அந்தச் சூடு பார்த்துக்கொள்ளும். பருப்பு, பாயசம், சுண்டல் எல்லாவற்றுக்கும் இதே முறை. எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் அப்படிச் சமைத்ததில்லை. இதை இங்கே ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், பின்னால் அவரைக் கவிழ்த்தது இந்தச் சிக்கனம்தான்.

படிப்பு முடிந்து எனக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மாத ஞாயிறு நின்றுபோனது. நான் அங்கே இருந்த காலத்தில்தான் முதலில் பால் தீய்ந்தது. பாயசத்துக்காக வெகுநேரம் காய்ச்சி, அணைத்து, மூடிவைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். வந்து பார்த்தால் பாத்திரம் கரி. பெரியம்மாவே அண்ணனிடம் இதைச் சொல்லியிருக்கிறார், வேடிக்கை மாதிரி. அவன் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றே ஒரு வாட்ஸப் குழு தொடங்கினான். அதில் அவன், அண்ணி, என் அம்மா, மாமாக்கள், நான் என்று எல்லாரும் இருந்தோம். பெரியம்மா மட்டும் இல்லை. அவரைப் பற்றிப் பேசுவதற்காக உண்டான குழு அது. முதல் செய்தி, "அம்மா அடுப்பை அணைக்க மறந்துட்டாங்க. எல்லாரும் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க." கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

அடுத்தது கொண்டைக்கடலை. குக்கரின் அடி கருகி, வால்வு உருகி, வீடெல்லாம் புகை. அன்று இரவு பெரியம்மா எனக்குப் போன் செய்தார். "நான் அணைச்சேன்டீ. டக்குனு கேட்டுது. கேட்டுட்டுத்தான் நகர்ந்தேன்." குரலில் பதற்றம் இல்லை. புகார் எழுதிக்கொள்ளச் சொல்லும் குரல். நான் குழுவில், அடுப்பை யாராவது சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அண்ணன் உடனே கம்பெனிக்குப் புகார் பதிவு செய்து ஆள் அனுப்பினான். வந்த சர்வீஸ்காரர் என்ன செய்தார் என்பதைப் பெரியம்மாவே பிறகு எனக்கு நடித்துக் காட்டினார். ஆறிக் கிடந்த அடுப்பில் ஒவ்வொரு குமிழாகத் திருகி, சிவப்பு விளக்கு எரிகிறதா, அணைகிறதா என்று பார்த்து, சுருளுக்கு மேலே உள்ளங்கையைக் காட்டி, அவ்வளவுதான். "அடுப்பு சூப்பரா கீது சார். ஒரு கம்ப்ளைன்ட்டும் இல்ல" என்று அண்ணனிடம் வீடியோவில் சொல்லியிருக்கிறார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பெரியவங்க... மறந்துட்டாங்க போல. எங்க வூட்ல கூட அம்மாக்கு இதே பேஜார்தான் சார்." பெரியம்மா பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அவரிடம் அந்த மனிதர் கேட்டது ஒன்றே ஒன்று, குடிக்கத் தண்ணீர்.

மூன்றாவது முறை பிரதோஷத்தன்று நடந்தது. கோயிலுக்குக் கொண்டுபோகச் சுண்டல் செய்திருக்கிறார். ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு, மீதியைச் சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று சுருள்மேலேயே மூடிவைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு சிவன் கோயிலுக்குப் போய்விட்டார். நந்திக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருக்கும்போது, வீட்டிலிருந்து புகை வருகிறது என்று போன். திரும்பி வந்தபோது குடியிருப்புக்காரர்கள் பூட்டை உடைத்து உள்ளே போயிருந்தார்கள். சமையலறைச் சுவர் கறுத்து, மேல் அலமாரியின் கதவு வெந்து உப்பியிருந்தது. குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரியான கீழ்வீட்டுக்காரர் எல்லார் முன்னாலும் நிதானமாகச் சொன்னாராம்: "மேடம், தப்பா நினைக்காதீங்க. நாங்கல்லாம் குழந்தைகுட்டியோட இருக்கோம். உங்க சன் நம்பர் குடுங்க, நான் பேசிக்கறேன்." சுண்டல் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு பெரியம்மா, "அணைச்சுட்டுத்தான் போனேன் சார்" என்றிருக்கிறார். செகரட்டரி தலையை ஆட்டினாராம். குழந்தை சொல்வதற்கு ஆட்டுவோமே, அந்த ஆட்டல்.

அண்ணன் வந்தான். டாக்டரிடம் கூட்டிப்போனான். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொன்னார்களாம். எக்ஸ்சேஞ்சில் எண்களோடு வாழ்ந்தவரிடம் போய்! டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். வயதுக்கு நார்மல் என்று டாக்டர் சொன்னார். "நார்மல்னா இந்த வயசுல எல்லாரும் மறப்பாங்கன்னு அர்த்தம்மா" என்று அண்ணன் விளக்கம் சொன்னான். கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு முதியோர் குடியிருப்பை, அங்கிருந்து கிளம்பும் முன்பே அவன் பார்த்து வைத்திருந்தான். தோட்டம் உண்டு, நடைபாதை உண்டு, நர்ஸ் உண்டு, மூன்று வேளையும் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பாடு. அறையில் சமைக்க அனுமதி கிடையாது. "கொஞ்ச நாள் இருந்து பாரும்மா. பிடிக்கலைன்னா திரும்பி வந்துடலாம்." பெரியம்மா அவனை நேராகப் பார்த்து, "பிடிக்கலைன்னா திரும்பி வரலாம்னு சொல்றே. சரி" என்றார்.

நான் ஓசூரிலிருந்து அம்மாவிடம் போனில் கத்தினேன். அந்த மனுஷி பொய் சொல்கிற ஆள் இல்லை, ஒரு வாரம் பொறுக்கச் சொல், நான் வந்து அடுப்பைப் பிரித்துப் பார்க்கிறேன் என்றேன். அம்மா அழுதாள், ஆனால் அசையவில்லை. "பெத்த பிள்ளை முடிவு பண்றான்டீ. பொறந்த வீட்டுக்காரங்க நடுவுல போய் நின்னா, நாளைக்கு ஒண்ணுன்னா நீங்க வெச்சுப் பார்த்துக்கறீங்களான்னு கேப்பான். என்ன பதில் சொல்றது?" எங்கள் குடும்பங்களில் இந்தக் கேள்விக்கு முன்னால் எல்லார் வாயும் அடைத்துப்போகும். மகன் என்று ஒருவன் இருந்துவிட்டால் கூடப்பிறந்தவர்கள் விருந்தாளிகள். அக்காவைச் சின்ன வயதிலிருந்து அறிந்த தங்கை, அக்காவின் சொல்லுக்குச் சாட்சி சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஒரு முறை வந்து போகிறவன் சொல்வதுதான் செல்லும். நான் லீவு கேட்டுக் கிளம்புவதற்குள் பெரியம்மாவின் பெட்டி காரில் ஏறிவிட்டது.

சில மாதம் கழித்து மறைமலைநகரில் வேறு வேலை கிடைத்துத் தாம்பரத்துக்கே திரும்பி வந்தேன். வந்த கொஞ்ச நாளில் அண்ணன் கூப்பிட்டான். மாடம்பாக்கம் வீட்டுக்குக் குடித்தனம் பேசி முடித்திருந்தான். "அடுப்பை ஒரு தடவை சர்வீஸ் பண்ணிக் குடுத்துடுடீ. உனக்குத்தான் அது பிடிக்குமே." எதையும் யோசிக்காமல் சொன்னான். கீழ்வீட்டில் கொடுத்துவைத்திருந்த சாவியை வாங்கிக்கொண்டு போனேன்.

வீடு வெள்ளையடித்திருந்தது. சமையலறைச் சுவரில் கருப்பு இல்லை. நான் ஜன்னலைத் திறந்துவிட்டு, சுருளுக்குக் கீழே இருக்கும் கிண்ணங்களையெல்லாம் எடுத்து ஒரு அகலப் பாத்திரத்தில் போட்டு, தண்ணீரும் சோடா உப்பும் கலந்து பெரிய சுருள்மேல் ஏற்றி முழுச் சூட்டில் வைத்தேன். காய்ந்த கசடு இளக அதுதான் வழி. நன்றாகக் கொதித்ததும் குமிழைத் திருப்பினேன். டக். சிவப்பு விளக்கு அணைந்தது. துடைக்கிற துணியை அலசப் பால்கனிப் பக்கம் போனேன். ஆபீசிலிருந்து போன் வந்தது, பேசினேன். திரும்பி வந்தால் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அடங்கிக்கொண்டு வரும் கொதி இல்லை. பாத்திரம் ஆடுகிற கொதி.

அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? ஐயோ, அணைக்காமல் போய்விட்டேன் என்பதுதான். எனக்கு இருபத்தைந்து வயது. எந்த டாக்டரும் எனக்கு ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லவில்லை. ஆனாலும் என் கை செய்ததை நான் நம்பவில்லை, எதிரே கொதித்த தண்ணீரைத்தான் நம்பினேன். பிறகுதான் குமிழைப் பார்த்தேன். பூஜ்யத்தில் இருந்தது. விளக்கும் அணைந்துதான் இருந்தது. பாத்திரத்தைத் தூக்கினேன். சுருள் செக்கச் செவேலென்று எரிந்துகொண்டிருந்தது.

டிரிப்பரை இறக்கிவிட்டு அடுப்பின் முன்பலகையைக் கழற்றி, அந்தக் குமிழுக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சில் தொடர்பு இருந்தால் கூவும் என் கைமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தேன். குமிழ் பூஜ்யத்தில் இருக்கும்போது அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் தொடர்பு இருக்கக் கூடாது. மீட்டர் விடாமல் கூவியது. உள்ளே, மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் இரண்டு உலோகப் பொட்டுகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. கோடையில் ஏறி இறங்குகிற கரண்டில் பொறி பறந்து பறந்து அந்தப் பொட்டுகள் குழிவிழுந்து போயிருக்க வேண்டும். வெகுநேரம் முழுச் சூட்டில் ஓடினால் ஒட்டிக்கொள்ளும். பிறகு குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் பயனில்லை. நாம் கேட்கும் அந்த 'டக்' குமிழின் பல்சக்கரம் பள்ளத்தில் விழும் சத்தம், அவ்வளவே. உள்ளே பிரிந்ததற்கு அது அத்தாட்சி இல்லை. விளக்குக்கும் வேறு தனித் தொடர்பு, அதுவும் பொய்தான் சொல்லும். கையைக் காட்டிப் பார்த்தால் சுருள் சுடும். அணைத்த சுருளும் சுடத்தானே செய்யும், யாருக்குச் சந்தேகம் வரும்? எல்லாம் தெரிந்து நான் மீட்டரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருக்கும்போதே அடுப்பு மெல்ல ஆறியது. உள்ளே எறும்பு கடித்த மாதிரி சின்னதாக ஒரு 'டிக்'. மீட்டர் கூவுவது நின்றது. பொட்டுகள் பிரிந்துவிட்டன. இனி எந்த சர்வீஸ்காரர் வந்தாலும், அடுப்பு சூப்பராகத்தான் கீது.

பாயசம், கொண்டைக்கடலை, சுண்டல். மூன்றும் வெகுநேரம் முழுச் சூட்டில் வைத்தவை. மூன்றையும் மிச்சச் சூட்டுக்காகச் சுருள்மேலேயே விட்டிருக்கிறார். வேறு யாராவது சமைத்திருந்தால் பாத்திரத்தை இறக்கியிருப்பார்கள், வெறும் சுருள் எரிவது கண்ணில் பட்டிருக்கும். நான் மறுபடி தண்ணீர் வைத்து, மறுபடி ஒட்ட வைத்து, வீடியோ எடுத்தேன். பூஜ்யத்தில் குமிழ், அணைந்த விளக்கு, சிவந்த சுருள். அதை அப்படியே அண்ணனுக்கு அனுப்பினேன்.

அண்ணன் காரில் போய்க்கொண்டிருந்தான். வீடியோவைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். "சூப்பர்டீ. நல்லவேளை, டெனன்ட் வர்றதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சே. கைக்குழந்தை இருக்கிற வீடு அது. உடனே மாத்திடு." நான் சொன்னேன்: "அண்ணா, பெரியம்மா அணைச்சிருக்காங்க. அவங்க சொன்னது நிஜம்." "ஒரு தடவை இதுவா இருக்கலாம். எல்லாத் தடவையுமா?" என்றான். எல்லாத் தடவையும்தான் என்றேன். "சரிடீ, இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போகுது? அங்க செட் ஆயிட்டாங்க. நீ போய் இதையெல்லாம் சொல்லி மனசைக் கலைக்காதே. ப்ளீஸ்." அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வீடியோவைக் குழுவிலும் போட்டேன். கட்டைவிரல்கள் வந்தன. ஒரு மாமா, "இந்தக் காலத்து மெஷின் எதையும் நம்ப முடியாது" என்று எழுதினார். இன்னொருவர் என் திறமையைப் பாராட்டினார். பெரியம்மாவைப் பற்றி ஒரு சொல் அதில் ஒருவர் கைக்கும் வரவில்லை.

சுவிட்சை மாற்றினேன். குடித்தனக்காரர்கள் பால் காய்ச்சினார்கள். பழைய சுவிட்சைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஞாயிறு கூடுவாஞ்சேரிக்குக் கிளம்பினேன்.

பெரியம்மா இளைத்திருந்தார். அறை துடைத்துவைத்த மாதிரி இருந்தது. நான் சுவிட்சைப் பிளந்து பொட்டுகளைக் காட்டி, வீடியோவைக் காட்டி, மூச்சு விடாமல் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அப்ப நான் அணைச்சேன்னு சொல்றே" என்றார். "ஆமா பெரியம்மா." வழக்கமாக வரும் 'சரி' வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க எக்ஸ்சேஞ்சுல லைனைச் சேர்த்துப் பிரிக்கிற ரிலே இப்படித்தான் ஒட்டிக்கும். ஆள் போனை வெச்ச பிறகும் லைன் பிஸின்னே காட்டும். வெச்சுட்டேன்மா, வெச்சுட்டேன்மான்னு கத்துவாங்க. நாங்க ஒருத்தரையும் நம்ப மாட்டோம். ரிசீவரைச் சரியா வைங்க சார்னு சொல்லிட்டு அடுத்த காலுக்குப் போயிடுவோம்" என்றார். சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது. "கத்துறவங்க கத்தட்டும்னு விட்டுட்டோம்டீ."

"நீங்க வீட்டுக்கு வந்துடுங்க. அண்ணன்கிட்ட நான் பேசறேன்" என்றேன். "யாரு இருக்கா அங்க?" என்று கேட்டார். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் முழுங்கி முழுங்கிக் குடித்தனக்காரர்களைப் பற்றிச் சொன்னேன். "பிடிக்கலைன்னா திரும்பி வரலாம்னு சொன்னான்" என்றார், யாரோ மூன்றாம் மனிதர் பேசியதைப் பதிவு செய்வது போல. குடிவந்த பெண்ணின் கைக்குழந்தைக்கு எத்தனை மாதம் என்று விசாரித்தார். பெரிய சுருளில் பால் வைத்தால் பக்கத்திலேயே நிற்கச் சொல் என்றார். புதுச் சுவிட்சு போட்டிருக்கிறேன், பயமில்லை என்றேன். "பரவாயில்ல, நிக்கச் சொல்லு."

சாப்பாட்டு மணி அடித்தது. கூடத்துக்குப் போக இருவரும் வெளியே வந்தோம். கதவைப் பூட்டிய கையோடு நின்று, "கீசரை அணைச்சேனா பாரு" என்றார். திறந்து போய்ப் பார்த்தேன். அணைந்திருந்தது. பூட்டிக்கொண்டு நாலடி நடந்திருப்போம். மறுபடி நின்றார்.

"பார்த்துட்டேன் பெரியம்மா. சுவிட்ச் ஆஃப்ல இருக்கு. லைட்டும் அணைஞ்சிருக்கு."

"சுவிட்ச் ஆஃப்ல இருக்குன்னு சொல்றே. லைட் அணைஞ்சிருக்குன்னு சொல்றே." என் முகத்தைப் பார்த்தார். "கீசர் அணைஞ்சிருக்கா?"

சாவியை வாங்கித் திறந்து குளியலறைக்குள் போய், சுவரில் தொங்கிய அந்த வெள்ளைத் தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. காலையில் குளித்த மிச்சமா, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிற சூடா என்று என் கைக்குத் தெரியவில்லை. வாசலில் பெரியம்மா பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.